இராஜமகால் குன்றுகளின் கல்வனம்

மேற்கிலிருந்து கிழக்காகப் பீகாரத்துச் சமவெளியைக் கடந்து வரும் கங்கை, சாஹிப்கஞ்ச் நகரைத் தாண்டியதும் தன் திசையை மாற்றிக்கொண்டு தெற்கு நோக்கித் திரும்புகிறது. பெரு நதி காரணமின்றித் திரும்புவதில்லை. அத்திருப்பத்தின் உட்புறத்தில், நதிக்கு வழிவிட மறுத்து நிற்கும் குன்றுத் தொடருக்கு இராஜமகால் குன்றுகள் என்று பெயர். 2,000 அடியைத் தொடும் சிகரம் ஒன்றேனும் இத்தொடரில் இல்லை. இமயத்தைக் கண்ட கண்களுக்கு இது மலையாகவே தோன்றாது. ஆயினும் பாரத நாட்டில் மரஞ்செடிகளின் பழைய சரித்திரத்தை எழுதப் புகுந்தவர் எவரும் இக்குன்றுகளைத் தொடாமல் மேலே சென்றதில்லை.

சந்தால் பர்கணா என்று நம் பெரியவர்கள் அறிந்திருந்த நிலப்பகுதி இது. 2000-ஆம் ஆண்டு நவம்பர் வரை பீகாரைச் சேர்ந்திருந்து, பின்னர் ஜார்க்கண்ட் மாநிலத்தின் பகுதியாயிற்று. சாஹிப்கஞ்ச், பாகுர், கோட்டா, தும்கா ஆகிய மாவட்டங்களில் குன்றுகள் வடக்குத் தெற்காகப் பரந்து கிடக்கின்றன. மலைக்கும் நதிக்கும் இடையே அகப்பட்ட ஒடுங்கிய வழியைக் காத்து நின்ற தெலியாகடிக் கோட்டை, 'வங்கத்தின் வாயில்' என்று பெயர் பெற்றது. 1576-இல் வங்கத்தின் கடைசி ஆப்கானிய சுல்தான் தாவூத் கான் கர்ரானி இராஜமகாலில் தோற்று மாண்டான். 1590-களில் மான்சிங் அங்கே தலைநகர் அமைத்தான். 1639-இல் ஷா சுஜா அதனை மறுபடியும் தலைநகராக்கினான். அரசர்கள் கட்டிய மாளிகைகளில் எஞ்சியவை சில சுவர்களே. நாம் பேசப்போவது அவர்கள் மாளிகைக்குக் கல் வெட்டிய மலையைப் பற்றி.

அம்மலை நெருப்பிலிருந்து பிறந்தது. எரிமலை என்றவுடன் கூம்பு வடிவமான சிகரமும் அதன் உச்சியில் புகையும் நம் நினைவுக்கு வரும். இங்கே நிகழ்ந்தது அவ்வாறன்று. பூமியின் மேலோடு நீள நீளமாகப் பிளந்து, அப்பிளவுகளின் வழியே உருகிய பாறைக் குழம்பு வெள்ளம்போல் பொங்கி வழிந்து, பள்ளங்களை நிரப்பிச் சமதளமாகப் பரவி ஆறியது. ஆறிய குழம்பின்மேல் அடுத்த வெள்ளம் வந்தது, அதன்மேல் அதற்கடுத்தது. இப்படி அடுக்கடுக்காக உறைந்த கரும்பாறைக்குப் பசால்ட்டு என்று பெயர். அடுக்குகள் படிக்கட்டுபோல் தோன்றுவதால், படியைக் குறிக்கும் ஸ்வீடன் நாட்டுச் சொல்லைக் கொண்டு 'டிராப்' என்றும் அறிஞர் அழைப்பர். இராஜமகால் டிராப்பின் மொத்தக் கனம் ஏறக்குறைய 2,000 அடி. வெளியே தெரியும் பரப்பு 4,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். கண்ணுக்குத் தெரியாத பரப்போ மிகப் பெரிது. எண்ணெய் தேடி வங்கச் சமவெளியில் ஆழ்துளையிட்டவர்கள், வண்டல் மண்ணுக்கு அடியில் இதே கரும்பாறையைக் கண்டனர். ஆகவே நாம் காண்பது ஒரு பெரும் பாறைத் தளத்தின் மேற்கு விளிம்பு மட்டுமே.

பாறையின் வயதைக் கதிரியக்க முறையால் கணித்தவர்கள் சுமார் 11 கோடியே 70 இலட்சம் ஆண்டுகள் என்கின்றனர். அப்பொழுது இமயம் இல்லை, கங்கையும் இல்லை. இந்திய நிலம் ஆசியாவோடு ஒட்டியிருக்கவுமில்லை. அண்டார்க்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் விட்டு அண்மையில் பிரிந்து, பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே கடலில் கிடந்தது. தென் இந்துமகா சமுத்திரத்தில் இன்று கெர்கூலன் என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறதன்றோ, அதன் அடியிலுள்ள வெப்ப ஊற்றே இராஜமகால் குழம்புக்கும் மூலம் என்பது பல அறிஞர்களின் கருத்து. ஊற்று தன் இடத்திலேயே நின்றது. நிலம் வடக்கே நகர்ந்து வந்துவிட்டது. சாஹிப்கஞ்சின் பாறைக்கும் பனிக்கடலின் ஓரத்துத் தீவுக்கும் உறவு என்றால் நம்புவது எளிதன்று. என்றாலும் பாறையின் இரசாயனச் சேர்க்கை, வயது, அதனுள் பதிந்திருக்கும் பழைய காந்தத் திசை ஆகிய மூன்றும் அந்தத் திசையையே காட்டுகின்றன.

இனி, நெருப்பு வெள்ளத்துக்கு நடுவே மரஞ்செடிகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு வருவோம்.

ஒரு வெள்ளத்துக்கும் மறு வெள்ளத்துக்கும் இடையே நீண்ட ஓய்வு இருந்தது. ஆறிய பாறையின் மேற்பரப்பு மழையிலும் வெயிலிலும் சிதைந்து மண்ணாயிற்று. பள்ளங்களில் நீர் தேங்கி ஏரிகளாயிற்று. ஏரிக்கரையில் காடு வளர்ந்தது. இலைகளும் கிளைகளும் காய்களும் சேற்றில் விழுந்து அமிழ்ந்தன. பிறகு அடுத்த குழம்பு வந்து ஏரியையும் சேற்றையும் காட்டையும் ஒருங்கே மூடிவிட்டது. இவ்வாறு இரு கரும்பாறை அடுக்குகளுக்கு நடுவே அகப்பட்ட மெல்லிய களிப்பாறைக்கும் மணற்பாறைக்கும் 'டிராப் இடைப்படுகை' என்று பெயர். 2,000 அடிக் கனமுள்ள டிராப்பில் இப்படுகைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் 100 அடியளவே தேறும். அவையும் பெரும்பாலும் அடிப்பகுதியிலேயே உள்ளன. ஆயிரம் பக்கப் புத்தகத்தில் ஐம்பது பக்கங்களில் மட்டும் எழுத்து இருப்பதுபோல் என்று கொள்ளலாம்.

எழுத்து இரண்டு வகை. முதல் வகை பதிவு. இலை சேற்றில் படிந்து, சேறு இறுகிக் கல்லாகி, இலையின் உருவமும் நரம்பும் அக்கல்லில் முத்திரைபோல் நின்றுவிடுவது. இரண்டாவது வகை இன்னும் அருமையானது. பாறைக் குழம்பினின்று ஊறி வந்த நீரில் சிலிகா கரைந்திருந்தது. அந்நீர் மரத்துண்டுக்குள் புகுந்து, நுண்ணறை ஒவ்வொன்றிலும் சிலிகாவைப் படியவைத்தது. மரம் மக்குவதற்கு முன்பே கல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதனால் உருவம் மட்டுமன்று, உள்ளமைப்பும் நிலைத்துவிட்டது. இக்கல்லைச் செர்ட்டு என்பர். கத்தியால் கீறினால் கத்திதான் தேயும். அத்தகைய கல்லை வைரத்தூள் பதித்த இரம்பத்தால் சீவி, கண்ணாடியில் ஒட்டி, ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு கனமாகத் தேய்த்து, நுண்பெருக்கியின் கீழே வைத்தால், நேற்று வெட்டிய கிளையைப்போல் அறைச்சுவர்கள் வரிசை வரிசையாகத் தெரிகின்றன.

இக்காட்டில் பூக்கும் மரம் கிடையாது. மாவும் இல்லை, மூங்கிலும் இல்லை, புல்லும் இல்லை. இருந்தவை பெரணிகள், ஊசியிலை மரங்கள், ஈந்துபோல் தோற்றமளிக்கும் சைக்கஸ் இனத்தைப் போன்ற பென்னட்டைட்டு என்னும் செடிகள். பென்னட்டைட்டுகளின் சீப்புப் போன்ற இலைக்கு டிலோஃபில்லம் என்று பெயரிட்டுள்ளனர். இடைப்படுகைகளில் மிகுதியாகக் கிடைப்பது இவ்விலையே. இவற்றின் இனமே பூமியில் அற்றுப்போயிற்று. இன்று எந்தத் தோட்டத்திலும் தேடிக் காண முடியாது.

இச்செல்வத்தை உலகுக்கு அறிவித்தவர்கள் செடிகளைத் தேடி வந்தவர்கள் அல்லர். நிலக்கரியைத் தேடி வந்தவர்கள். கங்கையில் நீராவிக் கப்பல் விட்ட கும்பினியாருக்கு நதிக்கரையில் கரி வேண்டியிருந்தது. அடுத்து இரயிலுக்கும் வேண்டியதாயிற்று. ஜான் மெக்லெல்லண்ட் என்ற மருத்துவர் 1848-49 பருவத்தில் ஆய்ந்து 1850-இல் வெளியிட்ட அறிக்கையில் இராஜமகால் இலைகள் சிலவற்றை வருணித்துப் பெயரிட்டார். அவற்றுள் ஒன்று நாடாவைப்போல் நீண்ட, நடுநரம்பு கொண்ட இலை. அதற்கு அவர் இட்ட பெயர் டேனியாப்டெரிஸ் ஸ்பாட்டுலாட்டா. அப்பெயரை அன்பர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். அந்த இலைக்கு உரிய மரம் கிடைக்க ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று.

1851-இல் அயர்லாந்திலிருந்து வந்த தாமஸ் ஓல்ட்ஹாம் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையை முறையாக நிறுவினார். அவரும் லண்டனைச் சேர்ந்த ஜான் மாரிஸும் இணைந்து 1863-இல் இராஜமகால் தாவரங்களைப் படங்களோடு வெளியிட்டனர். 'பேலியன்டாலஜியா இண்டிகா' என்னும் புகழ்பெற்ற நூல்வரிசையின் தொடக்கக் காலத்து ஏடுகளுள் அதுவும் ஒன்று. 1877-இல் வாலண்டைன் பால் இக்குன்றுகளின் நிலவியலை எழுதினார். அதே ஆண்டில் பொஹீமிய நாட்டு ஒட்டோகார் ஃபைஸ்ட்மான்டல் மறுபடியும் தாவரங்களை ஆராய்ந்து, அவை ஜுராஸிக் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்று முடிவு கூறினார். இன்றைய கணக்கு அதனின்றும் ஐந்தாறு கோடி ஆண்டுகளேனும் பின்னால் தள்ளி, கிரீட்டேஷியஸ் காலத்தின் முற்பகுதி என்கிறது. அவரைக் குறை கூறுவதற்கில்லை. இலையை இலையோடு ஒப்பிட்டு வயது சொல்வதைத் தவிர வேறு கருவி அந்நாளில் எவரிடமும் இல்லை. பழைய பாடப் புத்தகங்களில் 'ஜுராஸிக்' என்று படித்த நம்மில் பலருக்கு இன்றும் அச்சொல்லே வாயில் வருகிறது.

இங்கே ஒன்றைக் கூறாமல் போவது நியாயமாகாது. இந்த ஆண்டுகளிலேதான் அக்குன்றுகளில் மனித வாழ்வு பெரும் கொந்தளிப்பில் இருந்தது. மலையுச்சிகளில் பஹாடியா மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்தனர். 1832-33-இல் அடிவாரத்தை அளந்து 'தாமின்-இ-கோ' என்று எல்லைக்கல் நாட்டிய கும்பினியார், அங்கே காடு வெட்டிப் பயிரிடச் சந்தால் மக்களுக்கு இடமளித்தனர். வட்டிக்காரர்களின் கொடுமையும் வரிச் சுமையும் தாளாமல், 1855 ஜூன் 30-ஆம் நாள் போக்னாடி கிராமத்தில் சித்து, கானு என்ற சகோதரர்களின் தலைமையில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அதே அடிவாரத்தில் அப்பொழுது இரயில் பாதை வேலை நடந்துகொண்டிருந்தது. அவ்வேலையில் ஏவப்பட்ட கூலிகளுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளும் கிளர்ச்சிக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. 1860-இல் ஹௌராவிலிருந்து இராஜமகாலுக்கு முதல் வண்டி ஓடிற்று. 1862-இல் பாதை கியூல் வரை நீண்டது. 1871-இல் ஆசன்சோல் வழியாகக் குறுக்குப் பாதை திறக்கப்பட்டதும், பழைய பாதை சாஹிப்கஞ்ச் லூப் ஆகிவிட்டது. 1863-ஆம் ஆண்டு ஏட்டில் அழகழகான இலைப் படங்களைக் காணும்பொழுது, அவை வெளிவருவதற்கு எட்டே ஆண்டுகளுக்கு முன் அக்குன்றுகளின் அடிவாரத்தில் என்ன நடந்தது என்பதும் உடன் நினைவுக்கு வரவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கல்வனம் தன் பேரறிஞரைக் கண்டது. பீர்பல் சாஹ்னி 1891-இல் பஞ்சாபின் பேரா என்னும் ஊரில் பிறந்தவர்; கேம்பிரிட்ஜில் சீவார்டு என்ற ஆசிரியரிடம் பயின்றவர்; 1921 முதல் லக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். அவர் 1932-இல் இராஜமகாலின் அமர்ஜோலாவில் கிடைத்த கல்லான பென்னட்டைட்டு ஒன்றை ஆராய்ந்து, அதன் தண்டு, இலை, மலர் போன்ற உறுப்பு அனைத்தையும் ஒன்றுசேர்த்து, முழுச் செடியும் எப்படி நின்றிருக்கும் என்று படமாக்கிக் காட்டினார். தம் ஆசிரியரின் நினைவாக அதற்கு வில்லியம்சோனியா சீவார்டியானா என்று பெயரிட்டார். தூண்போன்ற தடித்த தண்டும், உச்சியில் கொத்தாக இலைகளும் உள்ள அப்படம் இன்றும் தாவரவியல் மாணவர்களின் புத்தகங்களில் இருக்கிறது. நம் காலனியில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் அதனைக் கண்டிருப்பர். அச்செடி நின்ற இடம் எது என்று கவனித்தார்களா என்பது வேறு விஷயம்.

அதே ஆண்டில் அவர் இன்னொரு கல்மரத்தையும் வெளியிட்டார். நீர்க்குழாய் இல்லாத அம்மரத்தை, பூக்கும் மரங்களின் மூதாதையாக இருக்கக்கூடும் என்று கருதி, ஹோமாக்ஸிலான் என்று பெயரிட்டார். பின்னர் வந்த ஆய்வாளர்கள் அது பூக்கும் இனத்ததன்று, பென்னட்டைட்டு வகையினதே என்று காட்டினர். 1954-இல் அதன் பெயரை மாற்றவேண்டி வந்தபொழுது, மாற்றியவர்கள் அதற்குச் சஹ்னியாக்ஸிலான் என்று அவருடைய பெயரையே வைத்தனர். கருத்தை மறுத்தவர்கள் ஆசிரியரை மறக்கவில்லை. அறிவுலகில் இத்தகைய பண்பாட்டைக் காண்பது மனத்துக்கு நிறைவளிக்கிறது.

சாஹ்னியின் தலைசிறந்த கண்டுபிடிப்பு நிப்பானியா என்னும் சிற்றூரின் செர்ட்டுக் கல்லிலிருந்து கிடைத்தது. அங்கே தண்டு ஒன்று. அதற்கு 1940-களில் பென்டாக்ஸிலான் என்று பெயர் வந்தது. குறுக்கே வெட்டினால் மரப்பகுதி ஒரே வட்டமாக இல்லாமல், பெரும்பாலும் ஐந்து தனித்தனிக் கூறுகளாக, வட்டமாக அமர்ந்திருப்பவர்களைப்போல் தெரியும். 'ஐந்து மரம்' என்பதே பெயரின் பொருள். அங்கே இலையும் உண்டு. முசுக்கட்டைப் பழம்போல் நெருங்கிய விதைக்கூட்டமும் உண்டு. தனித்தனியே கிடந்து, தனித்தனிப் பெயர் தாங்கிய இவை ஒரே மரத்தின் உறுப்புகளே என்று 1948-இல் சாஹ்னி நிறுவினார். மரம் ஊசியிலை மரத்தை ஒத்தது. இலை சைக்கஸ் இனத்தை ஒத்தது. விதைக்கூட்டமோ எதனையும் ஒத்ததன்று. ஆதலால் அதுவரை உலகம் அறிந்திருந்த எந்த வகுப்பிலும் அதனை அடைக்க இயலவில்லை. பென்டாக்ஸிலே என்ற புதிய வகுப்பையே அவர் வகுக்கவேண்டியதாயிற்று. அந்த இலை எது என்றால், மெக்லெல்லண்ட் 1850-இல் பெயரிட்டுச் சென்ற நாடா இலையின் சாயலையே கொண்டது. சேற்றில் படிந்த வெறும் வடிவத்தை வைத்து அவரால் பெயர் மட்டுமே சொல்ல முடிந்தது. உள்ளமைப்பைக் காத்து வைத்திருந்த நிப்பானியாக் கல்லே உறவைச் சொல்லிற்று. பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இவ்வகுப்பைச் சேர்ந்த தாவரங்கள் கிடைத்தன. ஒன்றாயிருந்த நிலங்கள் பிரிந்தன என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

1949 ஏப்ரல் 3-ஆம் நாள் லக்னோவில் தொல்தாவரவியல் நிறுவனத்துக்குப் பிரதமர் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். பல நாடுகளிலிருந்து சேர்ந்த தொல்லுயிர்க் கற்களைப் பதித்துச் செய்த அடிக்கல் அது. ஒரு வாரம் கழிவதற்குள், ஏப்ரல் 10-ஆம் நாள், சாஹ்னி மாரடைப்பால் மறைந்தார். வயது ஐம்பத்தேழு. அவருடைய மனைவியார் சாவித்திரி சாஹ்னி அப்பொறுப்பைத் தாம் ஏற்றார். 1953-இல் கட்டடமும் திறக்கப்பட்டது. அந்நிறுவனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நடைபெறுகிறது.

இனிக் கனிப்பொருள்களைப் பார்ப்போம். குன்றுகளின் மேற்குப் புறத்தில், டிராப்புக்கு அடியில், அதனினும் மிகப் பழைய படுகைகளில் நிலக்கரி உள்ளது. அது வேறொரு காட்டின் உடல். குளோஸாப்டெரிஸ் என்னும் நாவடிவ இலை மரங்கள் நிறைந்த, சற்றேறக்குறைய 28 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காடு. கோட்டா மாவட்டத்தின் லால்மட்டியாத் திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து அக்கரி தனி இரயில் பாதையின் வழியே கஹல்காவ், ஃபரக்கா மின் நிலையங்களுக்குச் செல்கிறது. இராஜமகாலுக்கு அருகே மங்கள்ஹாட்டில் வெண்களிமண் உண்டு. ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் நீண்ட காலம் நீரில் ஊறிச் சிதைந்ததால் உண்டான மண் அது, பீங்கானுக்கு உதவும். தீன்பஹார், பாக்குடிப் பக்கங்களில் பென்டனைட்டு என்னும் களிமண் கிடைக்கிறது. நீர் பட்டால் உப்பும் இயல்புடைய இது, எண்ணெய்க் கிணறு தோண்டவும் வார்ப்படச் சாலையில் மணலைப் பிணைக்கவும் பயன்படும். குழம்பு ஆறும்பொழுது வாயுக் குமிழ்கள் விட்டுச் சென்ற துளைகளில், அகேட்டும் ஸியோலைட்டும் வெண்முத்துக்கள்போல் நிறைந்திருப்பதை உடைத்த கல்லில் எவரும் காணலாம்.

ஆயினும் அம்மலையில் அதிகமாக விலைபோவது மேற்சொன்ன எதுவுமன்று, கரும்பாறையேதான். ஃபெல்ஸ்பாரும் பைராக்ஸீனும் இரும்புத் தாதும் நெருங்கிப் பின்னி உறைந்த பசால்ட்டு, எளிதில் பொடியாகாது. உடைத்தால் கூரிய விளிம்போடு உடையும். இருப்புப்பாதைக்கு இடும் ஜல்லிக்கு இவ்விரு குணங்களே முதன்மை. உருண்டைக் கல் நழுவும். கூரிய கல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கட்டையை அசையவிடாது. 65 மில்லிமீட்டருக்கும் 20 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட அளவாக அது சலித்து எடுக்கப்படுகிறது. பாகுர் கல் என்றால் வங்கம் முழுவதும் தெரியும்; சாலைக்கும் கட்டடத்துக்கும் பாதைக்கும் அது வாகன் வாகனாகச் சென்றவண்ணம் இருக்கிறது. கல் ஏற்றிய வண்டிகளுக்கு ரசீது எழுதும் தொழிலில் உள்ள என் போன்றோருக்கு அது எடையும் கட்டணமும் மட்டுமே. கட்டைகளுக்கு அடியில் கிடப்பது பனிக்கடலோரத்திலிருந்து பயணம் செய்து வந்த பாறை என்று ரசீதில் எழுதுவதற்கு இடமில்லை.

தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. கரும்பாறைக்கு விலை உண்டு, இடைப்படுகைக்கு இல்லை. மிருதுவான களிப்பாறை ஜல்லிக்கு உதவாது. ஆகவே மேலடுக்கை வெட்டி முடித்து, கீழடுக்கை எட்டவேண்டிய கல் முதலாளிக்கு நடுவிலுள்ள மெல்லிய படுகை வெறும் குப்பை. வாரி ஒருபுறம் தள்ளிவிடுவான். அப்படி வாரித் தள்ளும் ஒரு கூடையில் என்ன இருந்தது என்பதை எவரும் அறியப்போவதில்லை. வெட்டிய மலை திரும்ப வளராது. படுகையும் மலை முழுவதும் ஒரே மாதிரியானதன்று. ஓர் ஏரியின் கரையில் இருந்த செடி அடுத்த ஏரியில் இல்லாதிருக்கலாம். நிப்பானியாவின் கல் ஜல்லியாகி ஏதோ ஒரு பாதையில் 1930-க்கு முன்னரே கொட்டப்பட்டிருந்தால், பென்டாக்ஸிலே என்ற வகுப்பின் உறவுமுறை எந்நாளில் தெரியவந்திருக்குமோ சொல்ல இயலாது. இதனை யாரையும் பழிப்பதற்காகக் கூறவில்லை. பாதைக்கு ஜல்லி வேண்டும். கல்லுடைத்து உண்ணும் சந்தால், பஹாடியாக் குடும்பங்களுக்குக் கூலி வேண்டும். உரிமம் பெற்று, அளந்து, படுகை உள்ள குன்றை விலக்கி வெட்டுவதற்கு இடம் இல்லாமல் போகவில்லை. உரிமமின்றி இரவோடிரவாக வெட்டுவதுதான் மலையைத் தின்கிறது. சாஹிப்கஞ்சின் கல்வெட்டு குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குகள் நடந்தன. 2022-இல் மத்திய அமலாக்கத் துறையினரும் சோதனைகள் நடத்தினர். கல்லுடைக்கும் இயந்திரங்களின் தூசி அருகிலுள்ள ஊர்களின் பயிர்மேலும் மார்பினுள்ளும் படிவதைப் பற்றி அவ்வூரார் முறையிட்டு வருவதும் பழைய செய்தியே.

தமிழர்களாகிய நமக்கு இக்கல்வனத்தோடு ஓர் உறவு உண்டு. வலிந்து கூறும் உறவன்று. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் களிப்பாறைகளிலும் இதே டிலோஃபில்லம் இனத்து இலைகள் கிடைக்கின்றன. பல்லாவரத்தில் 1863-இல் கற்கருவி கண்ட ராபர்ட் புரூஸ் ஃபூட் அந்நிலத்தை அளந்து எழுதினார். 1879-இல் அத்தாவரங்களை வருணித்தவர் இராஜமகாலை வருணித்த அதே ஃபைஸ்ட்மான்டல். அங்கே எரிமலைக் குழம்பு இல்லை. கடல் அருகே இருந்தது. ஆகவே இலைகளோடு கடற்பிராணிகளின் ஓடுகளும் கலந்து கிடைக்கின்றன. ஒரே காலத்துக் காடு, இங்கே நெருப்பின் கரையிலும் அங்கே கடலின் கரையிலும் நின்றிருக்கிறது. திருவக்கரையில் நாம் காணும் கல்மரங்கள் இவற்றைவிட வெகு பிற்பட்டவை; இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளலாகாது. இராஜமகாலைப் பற்றி நம் நாட்டு மாணவர்கள் இரண்டு தலைமுறைக்குப் படித்த 'இந்தியா பர்மா நிலவியல்' என்னும் 1943-ஆம் ஆண்டு ஆங்கில நூலை எழுதிய எம். எஸ். கிருஷ்ணன் தஞ்சைத் தமிழர். நிலவியல் ஆய்வுத் துறைக்கு இயக்குநராகிய முதல் இந்தியரும் அவரே.

சாஹிப்கஞ்ச் மாவட்டத்து மண்ட்ரோவைச் சுற்றியுள்ள இடைப்படுகைகளை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. 2022-இல் ஜார்க்கண்ட் அரசு அங்கே தொல்லுயிர்ப் பூங்கா ஒன்றையும் திறந்தது. கல்லான அடிமரங்களை அவை கிடந்த இடத்திலேயே காணலாம். லூப் வழியாகச் செல்லும் அன்பர்கள் மிர்ஸா சௌக்கி நிலையத்திலோ சாஹிப்கஞ்சிலோ இறங்கிச் செல்லலாம். மழைக்காலத்தில் மலைப்பாதை சேறாகிவிடுவதால், கார்த்திகை முதல் மாசி வரை செல்வது நலம். மகாராஜ்பூர் நிலையத்துக்கு அருகே மோத்தி ஜர்ணா என்னும் அருவி கரும்பாறை அடுக்குகளின் மேலிருந்து விழுகிறது; டிராப் என்பது எப்படிப் படிப்படியாக அமைந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கே நின்று காட்டலாம். சுத்தியலை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு பூதக்கண்ணாடி மட்டும் எடுத்துச் சென்றால் போதும். உடைந்த கல்மரத்தின் குறுக்குமுகத்தை நீரால் நனைத்துப் பார்த்தால், மரவரி தெளிவாகத் தெரியும்.